லெச்சேக்கு அரை நாள் போதுமா?

கேள்வி, 9 மார்ச் 2025

"மே மாதம் தெற்கு இத்தாலி போகிறோம். பாரியில் மூன்று இரவு தங்கல். பக்கத்தில் லெக்கே என்று ஓர் ஊர், பரோக் என்னும் அலங்காரப் பாணித் தேவாலயங்கள் நிறைய என்கிறார்கள். காலையில் ரயில் ஏறிப் போய், மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பிவிடலாமா? சர்ச் சர்ச்சாக ஏறி இறங்கும் ஆர்வம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. போனவர்கள் சொல்லவும்."

9 மார்ச், இரவு 10.15

போதும்.

பெயர் லெக்கே இல்லை, லெச்சே. பாரியிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர். வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், சாதா ரயிலில் இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து வரும் பெரிய ரயில்களுக்கு அதுதான் கடைசி ஸ்டேஷன், தூங்கிப்போனாலும் தாண்டிப் போய்விட மாட்டீர்கள். ஸ்டேஷனிலிருந்து பழைய ஊருக்குப் பதினைந்து நிமிட நடை. சாந்தா க்ரோச்சே தேவாலயத்தின் முகப்பு, துவோமோ (கதீட்ரல்) சதுக்கம், ஊர் நடுவில் பள்ளத்தில் கிடக்கும் ரோமானிய அரங்கம். மூன்றும் கிட்டக் கிட்ட. பார்த்துவிட்டு வந்துவிடலாம். நான் சில வருடம் முன்பு அப்படித்தான் போய் வந்தேன்.

10 மார்ச், காலை 7.50

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் எழுதியது. பாதி வாபஸ்.

உண்மையில் நான் மூன்று மணிக்குத் திரும்பவில்லை. திரும்பத்தான் இருந்தேன். டிக்கெட்டில் 15 என்று இருந்ததை ஐந்து மணி என்று மனதில் பதித்துக்கொண்டு, நாலரைக்கு சாவகாசமாக ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன். ரயில் எப்போதோ பாரிக்குப் பக்கத்தில் போயிருந்தது. வேறு டிக்கெட் எடுத்துவிட்டு, இருந்த நேரத்தைக் கழிக்க மறுபடி ஊருக்குள் நடந்தேன்.

இப்போது அந்தப் படங்களைத் திறந்து பார்க்கிறேன். மதியம் எடுத்தது நாற்பதுக்கு மேல். எல்லாம் ஒரே வெள்ளை, சுண்ணாம்பு அடித்த காம்பவுண்டு சுவரைப் படம் எடுத்த மாதிரி. ஆறு மணிக்கு மேல் எடுத்தது ஒன்பதே ஒன்பது. அந்த ஒன்பதில்தான் ஊர் இருக்கிறது.

10 மார்ச், மதியம் 1.30

இன்னொன்றும் மறந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் மதியத்துக்கு ஒரு தனிப் பெயர் உண்டு: கோன்த்ரோரா. "எதிர் நேரம்" என்கிற மாதிரி. ஒன்றரை மணி வாக்கில் கடைகள் கதவை இறக்கினால் ஐந்து மணி வரை ஈ காக்கை இருக்காது. தெருவில் நடப்பது நீங்களும் ஒரு நாயும்தான். சின்னச் சர்ச்சுகளும் அந்த நேரத்தில் பூட்டு. நான் அன்று ஐந்து கதவைத் தள்ளிப் பார்த்தேன், ஐந்தும் திறக்கவில்லை.

ஆக, கேட்டவர் சொல்லும் திட்டத்தில் பதினோரு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்பினால், ஊர் முழித்திருக்கும் நேரத்தில் இரண்டரை மணி, தூங்கும் நேரத்தில் ஒன்றரை மணி.

11 மார்ச், இரவு 11.05

"அப்படி என்ன அந்தச் சுவரில்?" என்று கேட்டவருக்கு.

கல்தான். ஊர்ப் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்: பியெத்ரா லெச்சேசே, லெச்சே கல். கடலடியில் படிந்து உருவான சுண்ணாம்புக்கல். குர்சி, மெல்பிஞ்ஞானோ பக்கத்துக் குவாரிகளில் வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய புதிதில் அவ்வளவு மென்மை. மரம் இழைப்பது போல இழைக்கலாம், கடைசலும் பிடிக்கலாம். காற்றில் கிடக்கக் கிடக்க மேல்பக்கம் இறுகி, வெள்ளை மெல்ல மெல்லத் தேன் நிறத்துக்கு வரும். பளிங்கு வாங்கப் பணம் வேண்டும், இதற்குப் பொறுமை போதும். அதனால்தான் பதினேழாம் நூற்றாண்டில் இந்த ஊர்க் கல்தச்சர்கள் கை ஓயாமல் செதுக்கித் தள்ளினார்கள். பழக்கூடை, திராட்சைக் கொடி, கொழுத்த குழந்தைகள், மயில், சிங்கம், யார் என்றே தெரியாத தாடிக்காரர்கள். அன்று ஸ்பெயின் அரசரின் ஆட்சி. கிறிஸ்தவத் துறவற சபைகள் ஒவ்வொன்றும் பக்கத்துச் சபையை விடப் பெரிதாகக் கட்டப் போட்டி போட்டன.

மென்மைக்கு ஒரு விலையும் உண்டு. மழையும் உப்புக் காற்றும் சேர்ந்து சில சுவர்களைத் தேன்கூடு மாதிரி அரித்துவைத்திருக்கின்றன. சந்து ஒன்றில் ஒரு கதவு நிலையைத் தடவிப் பார்த்தேன், விரல் நுனியில் மஞ்சள் மாவு ஒட்டியது. (தடவாதீர்கள். நான் தடவியது தப்பு.) அதே நிலையில் கண் மட்டத்தில் ஒரு சிப்பி, கட்டைவிரல் நகம் அளவு, வரிகளோடு முழுதாக. சிற்பி செதுக்கியது என்று நினைத்தேன். இல்லை, கல்லுக்குள்ளேயே இருந்த நிஜச் சிப்பி. கோடிக்கணக்கான வருடம் முன்பு செத்தது. அதைச் சுற்றி மனிதர் செதுக்கியதெல்லாம் கரைந்துபோயிருக்க, அது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

13 மார்ச், இரவு 9.20

சாந்தா க்ரோச்சே முகப்பை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். தேவாலயத்தை 1549-இல் ஆரம்பித்து 1695-இல் முடித்தார்கள். முகப்பின் கீழ்ப்பகுதி கப்ரியேலே ரிக்கார்தி. பிறகு வந்தவர்களில் செசாரே பென்னா, ஜுசெப்பே த்ஸிம்பாலோ. இந்த த்ஸிம்பாலோவுக்கு ஊர் வைத்த செல்லப்பெயர் த்ஸிங்காரெல்லோ, குட்டி நாடோடி என்று பொருள். தலைமுறை தாண்டிய வேலை என்பது பார்த்தாலே தெரியும். கீழே அடக்கம். நடுவில் ஒரு மாடம். அதற்கு மேல் அடக்கம் என்ற பேச்சே இல்லை.

அந்த மாடத்தைத் தாங்கி நிற்பவர்களைப் பாருங்கள். மிருகங்களும் மனிதர்களும் வரிசையாக முதுகு கொடுக்கிறார்கள். தலைப்பாகை கட்டியவர்கள் துருக்கியர். 1571-இல் லெபாந்தோ கடற்போரில் ஒட்டோமான் படை தோற்றதை இப்படிச் சுவரில் ஏற்றிவைத்திருக்கிறார்கள் என்பது வழக்கமான விளக்கம். நூறு கிலோமீட்டர் கூட இல்லாத கடலுக்கு அப்பால் ஒட்டோமான் ராஜ்யம் இருந்த காலம், பயம் நிஜமானது. ஆனால் அந்த முகங்களைச் செதுக்கியவன் அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருப்பானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். வேலைப் பளுவில் கடுத்துப்போன முகம் அது. பாரம் தூக்கிப் பழகியவனுக்குத்தான் அப்படிச் செதுக்க வரும்.

அந்த இடத்தில் முன்பு யூதர்கள் குடியிருந்தார்கள். 1541-இல் லெச்சே அடங்கிய நாப்போலி (நேப்பிள்ஸ்) அரசிலிருந்தே அவர்களை விரட்டிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு மாளிகையின் அடித்தளத்தில் சிறிய அருங்காட்சியகம் ஒன்று அந்தக் கதையைச் சொல்கிறது. முகப்பைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு அங்கே போனால் வாய் தானாக மூடிக்கொள்ளும்.

14 மார்ச், மாலை

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவலையே படவேண்டாம். ருஸ்திக்கோ என்று உள்ளங்கை அளவு பஃப் இருக்கிறது. உள்ளே வெள்ளை சாஸ், தக்காளி, மொத்ஸரெல்லா, மிளகு. சூடாக வாங்கிக் கடித்தால் மேல் அண்ணம் வெந்துவிடும், எனக்கு வெந்தது. சீச்செரி ஏ த்ரீயா: கொண்டைக்கடலையும் பட்டையான பாஸ்தாவும், பாஸ்தாவில் ஒரு பங்கை எண்ணெயில் பொரித்து மேலே போடுவார்கள். காலைக்குப் பாஸ்திச்சோத்தோ, ஓவல் வடிவத்தில் கஸ்டர்டு அடைத்த பணியாரம் மாதிரி ஒன்று. எல்லாம் சைவம்.

15 மார்ச், காலை

எல்லாம் சைவம் இல்லை. ஒருவர் தனிமடலில் கொட்டினார், சரியாகத்தான் கொட்டினார். பாஸ்திச்சோத்தோவின் மேல் மாவில் பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ஸ்த்ருத்தோ என்று பெயர். இப்போது பல கடைகளில் வெண்ணெய்தான், ஆனால் கேட்டுவிட்டு வாங்குங்கள். "சேன்த்ஸா ஸ்த்ருத்தோ?" என்றால் போதும். நான் அன்று நான்கு சாப்பிட்டேன். அது தெரியாமல் நடந்தது, விட்டுவிடுங்கள்.

22 மார்ச்

கேட்டவர் இன்னும் பதில் போடவில்லை. நான் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ரோமானிய அரங்கம் பற்றி. 1901-இல் ஒரு வங்கிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது வெளிப்பட்டது. இன்றும் ஒரு பகுதிதான் வெளியே இருக்கிறது, மிச்சத்தின் மேல் சர்ச்சும் சாலையும் கட்டடமும். அதன் ஓரத்தில் ஒரு தூண், உச்சியில் ஊரின் காவல் புனிதர் ஒரோன்ட்சோ. 1656-இல் நாப்போலி ராஜ்யத்தையே கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனபோது லெச்சே தப்பியது. புனிதர் காப்பாற்றினார் என்று ஊர் நம்பியது. நன்றிக்குத் தூண் நிறுத்த பிரின்டிசி நகரத்திலிருந்து பழைய ரோமானியத் தூண் ஒன்றின் துண்டுகளைக் கொண்டுவந்தார்கள். ரோமிலிருந்து வரும் பழைய ஆப்பியா நெடுஞ்சாலை முடியும் இடத்தில் ஜோடியாக நின்ற இரண்டில் ஒன்று அது. 1528-இல் தானாகவே சரிந்து விழுந்தது. இன்னொன்று இன்றும் பிரின்டிசியில் நிற்கிறது, பக்கத்தில் விழுந்ததன் அடிப்பீடம் மட்டும். பிரின்டிசிக்காரரிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

அப்புறம், 1737-இல் திருவிழா வாணவேடிக்கையில் சிலையே எரிந்துபோய்ப் புதிதாகச் செய்தார்கள். காப்பாற்றியவரையே கொளுத்திய ஊர்.

நான் போனபோது தூண் உச்சியில் சிலை இல்லை. "மொட்டைத் தூண்" என்று டைரியில் எழுதிவைத்திருக்கிறேன்.

23 மார்ச்

திருத்தம்: இப்போது மொட்டை இல்லையாம். பழுதுபார்க்க 2019-இல் இறக்கினார்கள், 2024-இல் வெண்கலப் பிரதி ஒன்றை ஏற்றிவிட்டார்கள். பழையது மரச்சட்டத்தின் மேல் செம்புத் தகடு போர்த்தியது. இனி வெயில் மழை தாங்காது என்று கீழேயே வைத்துக்கொண்டார்கள்.

2 மே

எழுதி எழுதி எனக்கே ஆசை வந்துவிட்டது. அம்மா வந்திருக்கிறார். அடுத்த வாரம் லெச்சே, மூன்று இரவு.

18 மே, இரவு

வந்துவிட்டோம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வேண்டுமென்றே ஐந்து மணிக்கு மேல்தான் அறையை விட்டு இறங்கினோம். துவோமோ சதுக்கம் மற்ற இத்தாலியச் சதுக்கங்கள் மாதிரி நாலு தெரு வந்து கூடும் இடம் இல்லை. ஒரே வாசல். உள்ளே போனால் பெரிய வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தது போலத்தான், முன்பு ராத்திரியில் அதைப் பூட்டியும் வைப்பார்களாம். நேரே எதிரே அலங்காரமான முகப்பு, மேலே ஒரோன்ட்சோ. அம்மா கும்பிட்டுவிட்டு, "இதுதான் மெயின் வாசலா?" என்றார். ஆமாம் என்றேன். இல்லை. அது பக்கவாட்டு வாசல். உண்மையான முன் முகப்பு பக்கவாட்டில் சுற்றிப் போனால்தான் தெரியும், அது சாதுவாக நிற்கிறது. கொள்ளைநோய் முடிந்த கையோடு 1659-இல் ஆயர் பப்பகோதா பழைய கதீட்ரலை மாற்றிக் கட்டச் சொன்னபோது, நம்ம குட்டி நாடோடி த்ஸிம்பாலோ செய்த தந்திரம். சதுக்கத்துக்குள் வருகிறவன் கண்ணில் முதலில் படுவது எதுவோ அதற்குத்தான் நகை. "மாப்பிள்ளை வீட்டார் வரும் பக்கம் மட்டும் வெள்ளையடிக்கிற மாதிரி," என்றார் அம்மா.

மணிக்கூண்டும் த்ஸிம்பாலோவுடையதுதான், எழுபது மீட்டர் உயரம். இப்போது லிஃப்ட் இருக்கிறது, அம்மாவின் முழங்காலுக்கு அது ஒரு வரம். மேலே நின்றால் மொட்டை மாடிகளும் துணிக்கொடிகளும், கிழக்கே கோடு போட்ட மாதிரி அட்ரியாடிக் கடல். நாங்கள் கீழே இறங்கி வந்தபோது சதுக்கத்தின் தரையில் நிழல் விழுந்துவிட்டது, கூண்டின் மேல் இரண்டு தட்டில் மட்டும் வெயில். முதலில் சந்தன நிறம், அப்புறம் வெல்லப்பாகு, கடைசியில் ஏறக்குறைய இளஞ்சிவப்பு. அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். "எங்கேயாவது போகணுமா?" என்று ஒரு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன்.

கல் இறுகுவதற்கு அந்தக் காலத்தில் பால் தடவுவார்கள் என்று ஊரில் ஒரு சொல் உண்டு. அதைச் சொன்னதும் அம்மா சாதாரணமாக, "அபிஷேகம்தானே," என்றார். மேலே விளக்க என்ன இருக்கிறது?

இரண்டாம் நாள் டிக்கெட் வாங்கி உள்ளே பார்த்தோம். மார்ச் 10 குறிப்பில் மதியம் எல்லாம் பூட்டு என்ற தொனியில் எழுதிவிட்டேன். சாந்தா க்ரோச்சே, துவோமோ, சான் மத்தேயோ, சாந்தா கியாரா ஆகியவற்றுக்கு இப்போது சேர்த்து ஒரே டிக்கெட், நாங்கள் போன வாரம் இவை மதியமும் திறந்துதான் இருந்தன. கோன்த்ரோராவில் உள்ளே குளிர்ச்சியாக உட்கார்ந்திருக்கலாம். சான் மத்தேயோவின் முகப்பு கீழே வயிறு தள்ளிக்கொண்டும் மேலே உள்வாங்கியும் இருக்கும், கீழ்ப்பகுதி முழுக்க மீன் செதில் மாதிரி வேலை. சாந்தா கியாராவில் மேலே பாருங்கள். விதானம் மரம் இல்லை, காகிதக்கூழ்.

காகிதக்கூழ் இந்த ஊரின் இன்னொரு பிடிவாதம். கர்த்தாபெஸ்தா என்பார்கள். வைக்கோல் உடம்பு, அதன் மேல் பசையில் நனைத்த காகிதம் அடுக்கடுக்காக. காய்ந்த பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அழுத்தி அழுத்தித் துணி மடிப்பைக் கொண்டுவருகிறார்கள். ஒரு பட்டறை வாசலில் நின்று பார்த்தோம். இரும்பு பட்டதும் லேசாகப் புகை, பொசுங்கிய நோட்டுப் புத்தக வாசனை. அந்தப் பெண்மணி ஒரு மாதாவின் முக்காட்டை மூன்றே இழுப்பில் மடித்துவிட்டார். முன்பு இதைச் செய்தவர்களில் முடிதிருத்துபவர்கள் நிறைய. வாடிக்கையாளர் வராத நேரத்தில் கடையின் பின்னறையில் புனிதர்கள் தயாராவார்கள்.

19 மே

விட்டுப்போனது: கழிவறை மியூசியம். அப்படிப் பெயர் இல்லை, ஃபஜ்ஜானோ மியூசியம். வீட்டுக்காரர் அங்கே சாப்பாட்டுக் கடை வைக்கலாம் என்று 2001-இல் கழிவறைக் குழாய் அடைப்பைச் சரிபார்க்கத் தோண்டினார். தோண்டத் தோண்ட மெஸ்ஸாப்பியர் (ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்தவர்கள்) கல்லறை, ரோமானியர் காலத்து மிச்சங்கள், பழைய துறவியர் இடம் எல்லாம் வந்துகொண்டே இருந்தன. மகன்களையும் குழிக்குள் இறக்கிக் கடைசியில் வீட்டையே மியூசியமாக்கிவிட்டார். குறுகலான இரும்புப் படிகள், அம்மா மேலேயே நின்றுகொண்டார். "அந்தக் குழாயைச் சரிபண்ணினாரா?" என்று கேட்டார். எனக்கும் அது தெரியவேண்டும் போலிருந்தது.

25 மே

பக்கத்துக் கடலோர ஊரான ஓத்ரான்தோ போனீர்களா என்று ஒருவர். போனோம், அதாவது இரண்டாவது முயற்சியில். முதல் முயற்சி ஞாயிறு. உள்ளூர் ரயிலுக்கு ஸ்டேஷனில் அம்மாவும் நானும் ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் அன்று ரயிலே இல்லை என்று ஒரு பெரியவர் கையை விரித்துக் காட்டினார். திங்களன்று மாலியே ஸ்டேஷனில் ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே கதீட்ரல் தரை முழுக்க மொசைக். பன்தலெயோனே என்ற துறவி 1163 முதல் 1165 வரை செய்தது. நடுவில் ஒரு மாபெரும் மரம், அதன் கிளைகளுக்குள் உலகத்தில் உள்ள எல்லாம். அந்த மரத்தை அடியில் தாங்குவது இரண்டு யானைகள். யானையையே பார்த்திராத ஒருவர் சொல்லக்கேட்டுச் செய்த யானை போலத்தான் இருந்தது. அம்மாவுக்கு லெச்சேயின் அத்தனை சிற்பத்தை விட இவைதான் பிடித்தன. பக்கத்து அறையில் கண்ணாடிக்குப் பின்னால் 1480 ஒட்டோமான் முற்றுகையில் கொல்லப்பட்டவர்களின் எலும்புகள். அங்கே அவர் வரவில்லை, நானும் அதிக நேரம் நிற்கவில்லை. சாந்தா க்ரோச்சே முகப்பில் அந்தத் துருக்கியரை ஏன் தோள் வலிக்க நிற்கவைத்தார்கள் என்பது அங்கே நின்றால் வேறு மாதிரி புரியும். மார்ச் 13-இல் நான் எழுதிய "சாய்ந்திருப்பான்" கதையை அதற்குப் பிறகு அவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன்.

8 ஜூன்

கேட்டவர் ஒரு வழியாக வந்து பதில் போட்டிருக்கிறார். "போய் வந்தோம். நீங்கள் சொன்ன மாதிரியே மூன்று மணிக்குத் திரும்பிவிட்டோம், மிக்க நன்றி. ஊர் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது."

முதல் குறிப்போடு நிறுத்திவிட்டார்.

9 ஜூன்

அந்த முதல் குறிப்பைத் திருத்தப் பார்த்தேன், நாளாகிவிட்டதால் முடியவில்லை. மேலே "போதும்" என்று இருப்பதைப் படித்துவிட்டு யாரும் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். ஒரு இரவாவது தங்குங்கள். முடியாதென்றால் மதியம் கிளம்பிப் போய் ராத்திரி கடைசி ரயிலில் திரும்புங்கள்.

அவர் அனுப்பிய படத்தில் அவர் மகள் சுவரோடு ஒட்டி நின்று எதையோ விரலால் காட்டுகிறாள். பெரிதாக்கிப் பார்த்தேன். சிப்பி. வேறு தெரு, வேறு சிப்பி.

30 ஜூன்

காபி பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டவர்களுக்கு: கண்ணாடி டம்ளரில் பனிக்கட்டி, அதில் இனிப்பான பாதாம் பால், அதன் மேல் சுடச்சுட எஸ்பிரசோ. காஃபே லெச்சேசே என்பார்கள். அம்மா ஒரு நாளைக்கு மூன்று குடித்தார். ஊருக்குத் திரும்பியதும் கடைப் பாதாம் பால் பொடியையும் ஃபில்டர் டிகாக்ஷனையும் வைத்து முயன்றிருக்கிறார். போனில் கேட்டேன். "ஏலக்காய் எல்லாத்தையும் கெடுத்துடுச்சு. மறுபடி எப்ப போறோம்?"